எட்டாம் எண் பெட்டியின் எடை

மே 11, திங்கள்

இன்று வருகைப் பதிவில் எட்டு என்று எழுதிவிட்டேன். பயிற்சிக்கு வருகிறவர்கள் ஏழு பேர்தான். அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். பேனாவால் எழுதியதால் எட்டு இன்னும் தெரிகிறது.

மறுபடி நேராமல் இருக்க, எப்படி நேர்ந்தது என்பதை எழுதி வைக்கிறேன். போன பருவத்தில் நாடித் துடிப்பை எண்ணுவதில் தப்பு செய்து செய்முறைத் தேர்வில் தோற்றவள் நான். வகுப்பு ஆசிரியை அதற்காகத்தான் இரண்டு நோட்டு வைத்துக்கொள்ளச் சொன்னார். பதிவேட்டில் கண்டது மட்டும். சந்தேகம் எல்லாம் இதில்.

பகலில் வயதான பெண்கள் தங்கும் இல்லத்தில் உதவியாளர் வேலை. மாலையில் உடற்பயிற்சிச் சிகிச்சை உதவியாளர் சான்றிதழ் வகுப்பு. அந்த வகுப்புக்காக, சிறுநீர்க் கசிவு உள்ள ஏழு பேருக்கு எட்டு வாரம் பயிற்சி கொடுக்கிறேன். திங்கள், புதன், வெள்ளி, மதியம் மூன்று மணி. இன்று இரண்டாவது வாரத்தின் முதல் நாள்.

அறை நடைக்கூடத்தின் கோடியில் இருக்கிறது. ஒரே ஜன்னல், எதிரே பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அரைவட்டமாக ரெக்சின் மெத்தை வைத்த நாற்காலிகள் எட்டு, முதுகில் எண் ஒட்டியவை. கதவோரம் இருக்கும் எட்டாவதில் யாரும் உட்காருவதில்லை. முதலில் உட்கார்ந்தபடியே இடுப்புக்கு அடியில் தாங்கும் தசையை இறுக்கி, ஆறு எண்ணி, விட வேண்டும். பத்து முறை. அப்புறம் கையை ஊன்றாமல் எழுந்து எழுந்து உட்கார வேண்டும். எட்டு முறை. பிறகு கம்பியைப் பிடித்துக் குதிகால் தூக்குதல். கடைசியாகக் கழிப்பறை வரை நடை.

ஐந்தாம் நாற்காலி கண்டக்டரம்மாவுடையது. முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். எழ வேண்டிய நேரத்தில் "ரைட்! போலாம்!" என்பார். உட்கார வேண்டிய நேரத்தில், "ஸ்டாப்பிங் வந்தாச்சு, தள்ளாம இறங்குங்க!"

மூன்றாம் நாற்காலித் தையலம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஏய், சிரிக்க வைக்காதடி. நீ ஒரு ஜோக்கு சொன்னா எனக்கு ஒரு புடவை போகுது."

"அதுக்குத்தானே பாப்பா இறுக்கச் சொல்லுது. வாயை விட்டுட்டு அங்க இறுக்கு."

நான் நிறுத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் தலையை எண்ணவில்லை. சத்தத்தை எண்ணினேன். உட்காரும்போது ரெக்சின் மெத்தையிலிருந்து காற்று வெளியேறி 'உஸ்' என்னும். ஏழு பேர் ஒன்றாக உட்காருவதில்லை. முட்டிக்கு முட்டி வேகம் மாறும். அதனால் சத்தம் தனித்தனியாகக் கேட்கும். கடைசிச் சுற்றில் எட்டு கேட்டது. அதைத்தான் எழுதினேன்.

தலையை எண்ணியிருக்க வேண்டும். தப்பு என்னுடையது.

மே 13, புதன்

எடை பார்க்கும் முறையை இங்கே எழுதிவிடுகிறேன், இன்று அதில்தான் குழப்பம்.

ஒவ்வொருவரும் காலை எட்டு முதல் மதியம் இரண்டு வரை ஒரே பேட் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு அதை, நான் தேதி முத்திரை குத்தி ஒன்றிரண்டு கூடுதலாகவே வைக்கும் பிளாஸ்டிக் கவரில் கட்டி, கழிப்பறை அலமாரியில் தன் எண் உள்ள பெட்டியில் போட்டு மூட வேண்டும். பயிற்சி முடிந்ததும் நான் நிறுக்கிறேன். காய்ந்த பேட் நாற்பத்திரண்டு கிராம். அதற்கு மேல் உள்ளதெல்லாம் கசிவு. பெயர் எங்கும் இல்லை, எண்தான். யாரும் யாரிடமும் கூச வேண்டாம் என்று நானே யோசித்துச் செய்த ஏற்பாடு. பெட்டிகள் எட்டாக விற்கிற கட்டு. எட்டாவதைச் சும்மா வைத்திருந்தேன்.

இன்று அலமாரியைத் துடைக்கும்போது எட்டாவது கனத்தது. உள்ளே ஐந்து கவர். மே 4, 6, 8, 11, 13 என்று என் முத்திரை. கசிவு முறையே 98, 94, 96, 90, 91.

ஆயாவிடம் கேட்டேன். "ஏம்மா, அந்தப் பக்கம் நான் போறதே தரை துடைக்கத்தான். அதுவும் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு," என்றார்.

ஐந்தாம் பெட்டியில் மட்டும் முதல் நாளிலிருந்து பூஜ்யம். இதை மகிழ்ச்சியோடு எழுதவில்லை. கண்டக்டரம்மாவின் படுக்கை விரிப்பு வாரத்துக்கு நாலு முறை மாற்றப்படுவது எனக்குத் தெரியும்; இல்லத்துப் பொறுப்பாளரான மேட்ரனுக்கும் தெரியும்.

இரண்டாவது மாடிக்கு மேல் ஒரு மாடி இருக்கிறது. எல்லாரும் அதை 'மேலே' என்றுதான் சொல்வார்கள். அங்கே கட்டிலுக்குக் கம்பித் தடுப்பு உண்டு, நடக்க வைக்க ஆள் கிடையாது. நடந்து லிஃப்ட் ஏறியவர்கள் அங்கே ஒரே மாதத்தில் நடையை மறந்துவிடுகிறார்கள். நான் சேர்ந்த இந்த ஏழு மாதத்தில் அங்கிருந்து யாரும் இறங்கி வந்து பார்த்ததில்லை.

பயிற்சி தொடங்கும் முன்பே மேட்ரன் என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "மத்த ஆறு பேரைப் பத்திக் கவலை இல்ல. அஞ்சாம் நம்பரைத்தான் பாக்கணும். முதல் வாரச் சராசரில பாதிக்குக் கீழ கடைசி வாரச் சராசரி வந்தா கீழ இருக்கட்டும். இல்லன்னா மேல. ஜூன் இருபத்தாறு. உன் நோட்டுல இருக்கிறதுதான் முடிவு."

பூஜ்யத்தில் பாதி எது?

மே 15, வெள்ளி

வகுப்பு தொடங்க இருபது நிமிடம் இருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எட்டாம் பெட்டியில் இன்றும் ஒரு கவர். 84. பென்சிலால் எட்டாம் வரிசை போட்டுக் குறித்திருக்கிறேன்.

இன்று தலையை எண்ணினேன். ஏழு. சத்தத்தையும் எண்ணினேன். எட்டு. ஏழு 'உஸ்' முடிந்து, ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, கதவுப் பக்கமிருந்து எட்டாவது வந்தது. எட்டுச் சுற்றிலும் அப்படியே.

எல்லாரும் போன பிறகு எட்டாம் நாற்காலியருகே போனேன். மெத்தையில் ஒரு குழி இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல மேலெழுந்து சமமானது. ரெக்சின் அப்படித்தான், ஆள் எழுந்த பிறகு கொஞ்ச நேரம் பிடிக்கும். கையை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. அந்தப் பக்கம் வெயில் விழுவதில்லை.

(பிறகு சேர்த்தது: வகுப்பு ஆசிரியை எட்டாம் வரிசையைச் சிவப்பு மையால் அடித்தார். "ஏழு பேருக்கு எட்டு வரிசை. போன தடவை எழுபத்திரண்டை எண்பத்திநாலுன்னு எண்ணின. இப்ப இது. உன்னை என்னதான் பண்றது?" நானும் அதையேதான் யோசிக்கிறேன்.)

மே 27, புதன்

எட்டாம் நாற்காலியை நடைக்கூடத்தில் கொண்டுபோய்ப் போட்டேன். இல்லாத நாற்காலியில் சத்தம் வராது என்பது என் கணக்கு.

கண்டக்டரம்மா உள்ளே வந்ததும் நின்றுவிட்டார். "அந்த சீட்டு எங்க?"

"இடைஞ்சலா இருக்குன்னு எடுத்துட்டேன்மா."

"யாருக்கு இடைஞ்சல்? உனக்கா? கொண்டாந்து போடு."

"அதுல யாருமே உக்காரலையே."

"ரிசர்வேஷன் சீட்டு பாப்பா. ஆள் ஏறுதோ ஏறலையோ, காலியாத்தான் விடணும்." எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

நான் கொண்டுவரவில்லை. பயிற்சியைத் தொடங்கினேன். கண்ணை மூடி இறுக்கச் சொன்னேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, விடு. ஏழு பேரும் மூச்சை விட்டார்கள். பிறகு, ஒரு மூச்சு தாமதமாக, நாற்காலி இல்லாத அந்த இடத்திலிருந்து இன்னொரு மூச்சு. அவசரமில்லாத, கடமை தவறாத மூச்சு. சொன்னபடி செய்கிறவர்கள் விடும் மூச்சு.

தையலம்மா கண்ணைத் திறக்காமலே, "பாவம், நிக்க வச்சுட்டியே," என்றார்.

"யாரைம்மா?"

"அவளத்தான். சிரிப்பம்மா. எப்பவும் ஒரு நொடி லேட்டாத்தானே வருவா."

போன வருஷம் வரை கண்டக்டரம்மாவின் அறைத் தோழி அவர் என்று தையலம்மா சொன்னார். எதற்கெடுத்தாலும் சிரிப்பாராம். ஒரு நாள் காலையில் விரிப்பு நனைந்திருந்ததாகச் சொல்லி மேலே கொண்டுபோனார்கள். இருபத்தாறே நாள், போய்ச் சேர்ந்துவிட்டார். அதெல்லாம் நான் வேலைக்குச் சேரும் முன்பு.

தையலம்மா இதை ஊர்க்கதை மாதிரி சாதாரணமாகச் சொன்னார். கண்டக்டரம்மா இன்று முழுக்க "ரைட்" சொல்லவே இல்லை.

நாற்காலியைத் திரும்பக் கொண்டுவந்து போட்டேன். இன்று எட்டாம் பெட்டி: 69.

ஜூன் 8, திங்கள்

எட்டாம் வரிசையை இன்னும் பென்சிலால் எழுதுகிறேன். 84, 80, 77, 74, 71, 69, 65, 61, 58, 55, இன்று 52. வகுப்புக் கரும்பலகையில் ஆசிரியை வரைந்து காட்டும் உதாரணம் மாதிரி இறங்குகிறது. ஏழு பேரில் ஒருவருக்குக் கூட இவ்வளவு சீராக இறங்கவில்லை. உயிரோடு இருக்கிறவர்களுக்கு ஒரு நாள் சளி பிடிக்கும், இருமுவார்கள், எடை ஏறும்.

இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடிக்கவில்லை.

இன்று அறையைத் திறந்தபோது எட்டாம் நாற்காலி கதவோரம் இல்லை. ஐந்தாவதுக்குப் பக்கத்தில், கைப்பிடியோடு கைப்பிடி ஒட்டி இருந்தது. பூட்டியது நான். சாவி என் பையில். கண்டக்டரம்மா வருவதற்குள் பழைய இடத்தில் இழுத்துப் போட்டேன். அவர் வந்து, தரையில் நாற்காலிக் கால் கீறியிருந்த கோட்டை முதலில் பார்த்தார், அப்புறம் என்னை.

இன்று நடைப் பயிற்சியில் யாரோ ஏதோ சொல்ல, கண்டக்டரம்மா சிரித்துவிட்டார். இரண்டடி வைத்ததும் நின்றார். அவர் நின்ற இடத்தில் தரை நனைந்திருந்தது. நான் துணியோடு குனிந்தபோது, "வண்டி லீக்கு. டெப்போவுக்கு அனுப்பிடாத பாப்பா," என்று என் காதருகே சொன்னார்.

ஐந்தாம் பெட்டியில் இன்றும் பூஜ்யம்.

ஜூன் 12, வெள்ளி

இரண்டு நாள் ஒத்திப்போட்ட பிறகு இன்று கண்டக்டரம்மாவிடம் கேட்டுவிட்டேன். பயிற்சி முடிந்து மற்றவர்கள் போன பின், கதவைச் சாத்திவிட்டு.

"அம்மா, அஞ்சாம் பெட்டில நீங்க போடுறது புது பேட்தானே?"

"செக்கிங் வந்தாச்சா," என்றார். "ஆமா. காஞ்சதைப் போடுவேன். நனைஞ்சதை முதல் வாரம் எட்டுல போட்டேன். அது காலியாத்தானே இருந்துச்சு."

"அப்புறமும் அதுலதானே போட்டீங்க?"

"இல்ல."

"இன்னிக்கு வரைக்கும் இருக்கேம்மா. தேதி போட்டு."

"இல்லன்னு சொல்றேன்ல." குரல் தாழ்ந்தது. "முதல் வாரம் மூணு நாள் போட்டேன். திங்கட்கிழமை நாலாவதைப் போடலாம்னு மூடியைத் திறந்தா, என்னோட மூணுக்கு மேல நாலாவதா ஒண்ணு இருக்கு. கட்டி, முடிச்சுப் போட்டு. அன்னிக்கு ரெண்டு மணிக்கு முதல் ஆளா உள்ள போனது நான்தான். எனக்கு முன்னாடி யாரும் இல்ல. அதோட அந்தப் பெட்டியை நான் தொடல. என்னோடதைக் குப்பைக் கூடைல போட்டுட்டு வந்துடுவேன்."

அந்தத் திங்கட்கிழமை மே 11. நான் எட்டு என்று எழுதிய நாள்.

பயத்தை ஓரமாக வைத்துவிட்டு எண்ணைப் பார்த்தேன். அதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி. முதல் வாரத்து மூன்று கவரும் இவருடையவை. 98, 94, 96. சராசரி 96. பாதி 48. கடைசி வாரச் சராசரி அதற்குக் கீழே வந்தால் இவர் கீழேயே இருக்கலாம். பூஜ்யத்தை மேட்ரன் நம்பப்போவதில்லை. நம்பினாலும் பூஜ்யம் குறைய வழியில்லை. இதை விளக்கினேன்.

"அப்ப நான் ஏமாத்தினதே எனக்கு ஆப்பு," என்றார்.

"திங்கட்கிழமையிலேருந்து உண்மையானதைப் போடுங்க."

"எவ்வளவு இருக்கும்னு நெனக்கிற?"

தெரியாது என்றேன். உண்மை அதுதான். பதிவேட்டில் ஐந்தாம் எண்ணின் முதல் வாரப் பூஜ்யங்களை அடித்து, 98, 94, 96 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 15, திங்கள்

இன்று எல்லாவற்றையும் சரிபார்த்துச் செய்தேன். பிசகு என் பக்கம் இருந்தால் பிடிபட வேண்டும் என்று.

காலையில் எட்டாம் பெட்டியைக் கழுவித் துடைத்து, வெயிலில் காயவைத்து, காலியாக அலமாரியில் வைத்தேன். கவர் ஏழுக்கு மட்டும் முத்திரை குத்தினேன். முத்திரையைப் பையில் போட்டுக்கொண்டேன். ஒன்றே முக்காலிலிருந்து கழிப்பறைக் கதவுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஏழு பேர் போனார்கள், ஏழு பேர் வந்தார்கள். ஒவ்வொருவர் வெளியே வந்ததும் நான் உள்ளே போய் எட்டாம் மூடியைத் திறந்து பார்த்தேன். ஏழு முறையும் காலி.

மூன்றே முக்காலுக்கு நிறுக்கப் போனபோது எட்டாவதில் ஒரு கவர் இருந்தது. இன்றைய தேதி முத்திரை. மை இன்னும் விரலில் ஒட்டியது. 43.

ஐந்தாம் பெட்டியில் 51.

கண்டக்டரம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். ஐம்பத்தொன்று. நாற்பத்தெட்டுக்குக் கீழே வர வேண்டும், கடைசி வாரம் தொடங்க ஒரு வாரம்தான் இருக்கிறது. அவர் தலையாட்டினார். அவர் விரல் விட்டு நாட்களை எண்ணுவதைப் பார்த்ததும், சொல்லக் கூடாததைச் சொன்னேன். இங்கே ஒளிக்காமல் எழுதுகிறேன்.

"அந்த எட்டாம் வரிசை முழுக்க உங்களோடதுன்னு எழுதிடட்டுமா? முதல் வாரம் நீங்க போட்டதுதானே. மீதியையும் அப்படியே தொடர்ச்சியா எழுதிட்டா அழகா இறங்குது. கடைசி வாரம் நாப்பதுக்குக் கீழ போயிடும். யாருக்கும் தெரியாது."

எட்டாம் நாற்காலியைப் பார்க்காமல், பார்க்காமலிருக்க முயன்றுகொண்டு, பேசினார்.

"வேண்டாம். ஒரு தடவை பண்ணினது போதும்."

"என்ன பண்ணினீங்க?"

"அன்னிக்கு நனைஞ்சது என் விரிப்பு." நிறுத்தினார். "விடியறதுக்கு முன்னாடி எழுந்து பாத்தேன். தொப்பலா இருந்துச்சு. அதுக்கு முந்தின வாரம்தான் மேட்ரன் என்னை எச்சரிச்சிருந்தாங்க. அவ குளிக்கப் போயிருந்தா. ரெண்டு விரிப்பையும் மாத்திப் போட்டேன். அவ வந்து பாத்தா. பாத்துட்டுச் சிரிச்சா. 'அடடே, எனக்கே தெரியாமப் போச்சே'ன்னு சிரிச்சா பாப்பா. தெரிஞ்சுதான் சிரிச்சாளா தெரியாமச் சிரிச்சாளான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல. லிஃப்ட்ல ஏத்தும்போது கூட, 'சீட்டைப் பாத்துக்க, வந்துடறேன்'ன்னா."

அறையில் யாரும் இல்லை. மின்விசிறியும் நின்றிருந்தது. கதவுப் பக்கம் ரெக்சின் 'உஸ்' என்றது.

நாங்கள் இருவருமே திரும்பவில்லை.

"அவ ஈரத்தை எடுத்துக்க மாட்டேன். அவ காஞ்சதையும் எடுத்துக்க மாட்டேன்," என்றார் கண்டக்டரம்மா. "என்னோடதை எழுது. எவ்வளவோ அவ்வளவு."

ஜூன் 19, வெள்ளி

ஐந்தாம் பெட்டி: புதன் 50, இன்று 48. எட்டாம் பெட்டி: புதன் 33, இன்று 24.

கண்டக்டரம்மா இப்போது பயிற்சி நேரத்தில் மட்டுமல்ல, சாப்பாட்டு மேசையிலும் இறுக்குகிறார். ஆளைப் பார்த்தால் தெரிந்துவிடுகிறது. புருவம் ஏறி ஆறு எண்ணி இறங்குகிறது. "மூஞ்சிய இறுக்காதீங்கம்மா, அடியில மட்டும்" என்றேன். "முப்பது வருஷம் ஃபுட்போர்டுல வர்றவனைப் பாத்து மூஞ்சியத்தான் இறுக்கினேன். பழக்கம் போகுமா?"

ஆனால் எட்டாம் நாற்காலி மறுபடி அவர் பக்கத்தில் வந்துவிட்டது. இந்த முறை நான் நகர்த்தவில்லை. அவரும் நகர்த்தச் சொல்லவில்லை. எழுந்து உட்காரும்போது அவர் 'உஸ்' வரும், பக்கத்திலேயே ஒரு மூச்சு கழித்து மற்றொன்று வரும். அவர் பற்களைக் கடித்துக்கொண்டு நேராகப் பார்க்கிறார். கழுத்துப் பக்கம் வேர்த்திருக்கிறது.

எனக்கு என்ன பயம் என்று யோசித்தேன். எட்டாவது எதற்காக இவ்வளவு ஒழுங்காகப் பயிற்சி செய்கிறது? காய்ந்துவிட்டால் எங்கே போக வேண்டும் அதற்கு? கீழே இருக்க விதி ஒன்று உண்டு. ஆனால் அந்த அறையில் கட்டில் இரண்டுதான். ஒன்றில் கண்டக்டரம்மா. மற்றது சிரிப்பம்மா போனதிலிருந்து காலி.

ஜூன் 24, புதன்

ஐந்து: திங்கள் 46, இன்று 44. எட்டு: திங்கள் 15, இன்று 6.

காலையில் கண்டக்டரம்மாவின் அறை விரிப்பை மாற்றப் போனேன். அவர் விரிப்பு காய்ந்திருந்தது. காலிக் கட்டிலின் விரிப்பிலும் ஒருவர் படுத்து எழுந்த சுருக்கம். ஆயா அதை நேற்றுத்தான் இழுத்து மடித்துப் போட்டதாகச் சத்தியம் செய்தார்.

கண்டக்டரம்மாவே சொன்னார். "ராத்திரி நல்லாத் தூங்கினேன். எழுப்பினா. 'போயிட்டு வந்து படு, நனைச்சுடப் போற'ன்னு. எழுந்து கழிப்பறைக்குப் போயிட்டு வந்தேன்." சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடி வலித்தது.

ஜூன் 26, வெள்ளி

எட்டு வாரம் முடிந்தது.

மேட்ரன் மூன்று மணிக்கு வந்து, கதவருகே என் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நாற்காலிகளைப் பார்த்தார். "அந்த ரெண்டு ஏன் ஒட்டி இருக்கு?" என்றார்.

நான் எண்ணினேன். இறுக்கினார்கள், விட்டார்கள். எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள். கண்டக்டரம்மா எட்டு முறையும் கையை ஊன்றாமல் எழுந்தார். கடைசி முறை முட்டி நடுங்கியது, ஆனால் எழுந்தார்.

நான் நிறுத்துவிட்டு வந்து எண்களைச் சொன்னேன். ஐந்தாம் எண்: இன்று 42, கடைசி வாரச் சராசரி 44. முதல் வாரம் 96.

மேட்ரன் பக்கத்தைப் புரட்டினார். "அஞ்சாம் நம்பருக்கு முதல் வாரத்துல பூஜ்யம் எழுதி அடிச்சிருக்கு. பக்கத்துல உன் கையெழுத்து. இந்த 96 எங்கேருந்து வந்துச்சு?"

கண்டக்டரம்மா எழுந்து நின்றார்.

"நான் சொல்றேன் மேடம். அஞ்சுல காஞ்சதைப் போட்டேன், ஈரத்தை எட்டுல போட்டேன். பாப்பா கண்டுபிடிச்சு எழுதிச்சு. அந்த ஈரம் என்னோடது." கம்பியைப் பிடித்துக்கொண்டார். "போன வருஷம் சிரிப்பம்மா கட்டில்ல இருந்த ஈரமும் என்னோடது. விரிப்பை மாத்திப் போட்டது நான். அவ காஞ்சுதான் இருந்தா. அவளை மேல அனுப்பினது நீங்க இல்ல, நான்."

தையலம்மா வாயைப் பொத்திக்கொண்டார். மேட்ரன் பதிவேட்டை மூடினார்.

"இதை ஏன் இப்ப சொல்றீங்க? இன்னிக்கு உங்களுக்குச் சாதகமா எண் வந்திருக்கு. வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாமே."

"டிக்கெட் இல்லாம உக்காந்திருக்கிறது நான் மேடம். பக்கத்து சீட்டுக்காரி டிக்கெட்டுல."

மேட்ரன் என்னைப் பார்த்தார், நாற்காலிகளைப் பார்த்தார். அவர் குரல் எப்போதும் போல் வறண்டே இருந்தது. "அதை நான் தனியா எழுதணும், எழுதுவேன். மேல அனுப்பினவங்களுக்கு எடை போடாமலே ஒரு வரில முடிவு பண்ணது என் தப்பு, அதையும் எழுதுவேன். விதி விதிதான். பாதிக்குக் கீழ வந்திருக்கு. நடையைக் காட்டுங்க."

வரிசையாகக் கழிப்பறை வரை நடந்தார்கள். மேட்ரன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு வழிவிட்டார். நான் தலையை எண்ணினேன். ஒன்றாம் நாற்காலிப் பெரிய டீச்சர் முதலில், கண்டக்டரம்மா ஏழாவதாக. ஏழு பேரும் தாண்டினார்கள். மேட்ரன் கதவை விடவில்லை. இன்னும் ஒருவருக்காகக் காத்திருப்பவர் போல், ஒரு மூச்சு விடும் நேரம், சுவரோடு ஒதுங்கி நின்றார். பிறகுதான் விட்டார். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

நடைக்கூடத்தில் யாரோ சிரித்தார்கள். தையலம்மா குரல் இல்லை. நான் அறிந்த எந்தக் குரலும் இல்லை.

எல்லாரும் போன பின் எட்டாம் பெட்டியைத் திறந்தேன். கவர் இருந்தது. மூன்று முறை நிறுத்தேன். நாற்பத்திரண்டு. காய்ந்த பேட்டின் எடை. கசிவு பூஜ்யம்.

பதிவேட்டை மேசைமேல் விட்டுப் போயிருந்தார் மேட்ரன். கடைசிப் பக்கத்தில் அவருடைய தெளிவான கையெழுத்து: "எட்டு பேருக்கும் முன்னேற்றம் உள்ளது. எட்டு பேரும் கீழ்த்தளத்திலேயே தொடரலாம்." கீழே கையொப்பம், தேதி.

இல்லத்தில் இருபது வருஷம் தலை எண்ணிப் பழகியவர் அவர். வகுப்புக்குக் கொண்டுபோனால் ஆசிரியை சிவப்பு மையை எடுப்பார். எட்டை அடித்து ஏழாக்கி, பக்கத்தில் கையெழுத்துப் போட என்னிடம் பேனா இருந்தது. மூடியைத் திறந்து வெகுநேரம் வைத்திருந்தேன். மே 11 அன்று அடித்ததும் நான்தான்.

அடிக்கவில்லை. மே 11-ஆம் தேதிப் பக்கத்துக்குப் போய், அடித்த எட்டுக்கு மேலே மறுபடி எட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கிளம்பும்போது கண்டக்டரம்மா அறை வழியாகப் போனேன். அவர் தன் கட்டிலில் உட்கார்ந்து, காலிக் கட்டிலைப் பார்த்தபடி இருந்தார். பயந்தவர் போலவும் இருந்தார், யாரோ சொன்ன ஏதோ ஒன்றுக்குச் சிரிக்கக் கூடாது என்று இறுக்கிக்கொண்டிருப்பவர் போலவும் இருந்தார். புருவம் ஏறியிருந்தது. உள்ளே போகவில்லை. நின்று ஆறு எண்ணினேன். புருவம் இறங்கியது. அதற்கு ஒரு மூச்சு கழித்து, காலிக் கட்டிலின் கம்பிச் சுருள் மெல்ல முனகியது.

நாளை சனி, பயிற்சி இல்லை. பெட்டிகள் எட்டையும் சோப்பு போட்டுக் கழுவிக் காயவைக்க வேண்டும். எட்டாம் நாற்காலியின் பின்கால் ரப்பர் தேய்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும். வகுப்புக்கான எட்டு வாரம் முடிந்தாலும் பயிற்சி தொடரும்; திங்கட்கிழமைக்கு எட்டு கவருக்கு முத்திரை குத்தி வைக்க வேண்டும்.